இழுவைத் தெளிப்பான்: செய்வது எளிது, அளப்பதே வேலை

பருவமழை ஓய்ந்து இரண்டு வாரங்கள் கழித்து ஒரு பள்ளியின் விளையாட்டுத் திடலையோ குடியிருப்பு வளாகத்தின் புல்வெளியையோ பார்த்தால், அருகம்புல்லுக்கு நடுவே வேறொரு குடியேற்றம் நடந்திருப்பது தெரியும். கோரை ஈட்டி போல் நிமிர்ந்து நிற்கும். புளியாரையும் அம்மான் பச்சரிசியும் தரையோடு படர்ந்திருக்கும். மதிலோரத்தில் பார்த்தீனியம் வெண்பூக்களோடு தலையசைக்கும். பந்தைத் துரத்தி ஓடிய சிறுவனின் காலில் நெருஞ்சி முள் தைத்த பிறகுதான், பராமரிப்புக் குழுவின் கூட்டத்தில் களையைப் பற்றிய பேச்சு எழும்.

பெரும்பாலும் எடுக்கப்படும் முடிவு ஒன்றே: முதுகில் சுமக்கும் கைத்தெளிப்பானோடு ஒருவரை அழைப்பது. வழக்கமான கைத்தெளிப்பான் 16 லிட்டர் கொள்ளும். நீரின் எடை மட்டும் 16 கிலோ. அரை ஏக்கர் புல்வெளி ஏறத்தாழ 2,000 சதுர மீட்டர். ஒரு மீட்டர் அகலத்திற்குத் தெளித்துக்கொண்டு நடந்தால், அந்தச் சுமையோடு 2 கிலோமீட்டர் நடக்க வேண்டும். நேரம் செல்லச்செல்ல விசைப்பிடியை அழுத்தும் கை தளரும். நடையின் வேகம் மாறும். எதுவரை தெளித்தோம் என்பதும் மறந்துபோகும். பத்து நாட்கள் கழித்துப் பார்த்தால் ஓரிடத்தில் களையோடு புல்லும் கருகியிருக்கும். மற்றோரிடத்தில் களை சற்றும் வாடாமல் நிற்கும்.

சவாரி செய்து புல் வெட்டும் இயந்திரமோ சிறிய டிராக்டரோ உள்ள பள்ளிகள், பண்ணை வீடுகள், விடுதிகள், பெரிய வளாகங்கள் ஆகியவற்றிற்கு இதைவிட நல்ல வழி உண்டு. வண்டிக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துச் செல்லும் தெளிப்பானை உள்ளூர் வெல்டிங் பட்டறையின் உதவியோடு நாமே அமைத்துக்கொள்ளலாம். சட்டத்தை இணைப்பதும் தொட்டியைப் பொருத்துவதும் இரண்டு மூன்று நாட்களில் முடிந்துவிடும். ஆனால் அக்கருவி ஒரு சதுர மீட்டர் நிலத்தில் எவ்வளவு நீரைப் பொழிகிறது என்று அறியாதவரை அது முழுமை பெற்ற கருவி ஆகாது. அளக்கப்படாத தெளிப்பான் தராசில்லாத கடையைப் போன்றது. ஆகவே இக்கட்டுரை, கருவியைச் செய்யும் முறையோடு அதை அளக்கும் முறையையும் சேர்த்தே கூறுகிறது.

தேவைதானா என்று முதலில் பார்த்தல்

புல்வெளி 500 சதுர மீட்டருக்கும் குறைவாக இருந்தால் இக்கருவி தேவையில்லை. அங்கே களைக்கொத்தும், தேவைப்பட்டால் கைத்தெளிப்பானுமே போதும். களைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தாலும் முழு நிலத்திற்கும் தெளிப்பது வீண் செலவு.

களை எது என்று அறிவதும் அவசியம். பார்த்தீனியம், நெருஞ்சி, அம்மான் பச்சரிசி ஆகியவை அகன்ற இலைக் களைகள். மழைக்குப் பின் மண் ஈரமாக இருக்கும்போது, பூப்பதற்கு முன்பே வேரோடு பிடுங்கினால் இவற்றில் பெரும்பகுதி ஒழியும். பார்த்தீனியம் பலருக்குத் தோல் ஒவ்வாமையை உண்டாக்குவதால் அதைக் கையுறையின்றிப் பிடுங்கலாகாது. கோரையின் நிலை வேறு. அதன் உயிர் மண்ணுக்கடியில் சங்கிலி போல் தொடரும் கிழங்குகளில் உள்ளது. மேலே தெரியும் தாளைப் பிடுங்கினால் சங்கிலி அறுபடும். உள்ளே தங்கிய ஒவ்வொரு கிழங்கும் தனித்தனியே முளைக்கும். அகன்ற இலைக் களைகளுக்கான களைக்கொல்லியை அடித்துவிட்டுக் கோரை சாகவில்லையே என்று வருந்துவதில் பயனில்லை. அதற்கு வேறு வகைக் களைக்கொல்லி வேண்டும்.

களை அடர்ந்து வருவதற்குப் பெரும்பாலும் புல்லின் நலிவே காரணம். மிகக் கட்டையாக வெட்டப்பட்ட புல், நீர் தேங்கும் பள்ளம், மிதிபட்டு இறுகிய மண் ஆகியவை களைக்கு வாசல் திறந்துவைப்பவை. அவற்றைச் சீர்செய்யாமல் தெளிப்பானை மட்டும் நம்பினால், அடுத்த மழைக்குப் பின்னும் இதே வேலை காத்திருக்கும்.

வண்டியும் தொட்டியும்

தொட்டிக்கு 100 லிட்டர் கொள்ளளவு போதும். அதற்கு மேல் சென்றால் எடை கட்டுக்குள் நிற்காது. நிறைந்த தொட்டி 100 கிலோ; சட்டம், சக்கரம், மின்கலம் எல்லாம் சேர்ந்தால் மொத்த எடை 150 கிலோவை நெருங்கும். இழுக்கும் வண்டி இதைவிடக் கனமாக இருக்க வேண்டும். இல்லையேல் சரிவில் இறங்கும்போது பின்வண்டி முன்வண்டியைத் தள்ளிவிடும்.

உயரமான பீப்பாயைவிட அகலமும் தாழ்வுமான தொட்டியே நல்லது. பாதி நிறைந்த நிலையில் நீர் தளும்பி வண்டியைச் சாய்ப்பது அதில் குறைவு. முன்பு என்ன இருந்தது என்று தெரியாத பழைய பீப்பாயைப் பயன்படுத்தலாகாது. தொட்டியின் பக்கவாட்டில் லிட்டர் அளவுகள் தெரிய வேண்டும். இல்லையென்றால் அளந்த வாளியால் 10 லிட்டர் வீதம் ஊற்றி, அழியாத மையால் நாமே கோடிட்டுக்கொள்ளலாம். அவ்வாறு கோடிடும்போது வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும்.

சட்டத்திற்கு இரும்புச் சதுரக் குழாய் போதுமானது. தொட்டியின் நடுப்பகுதி சக்கர அச்சுக்குச் சற்று முன்னால் அமையுமாறு பொருத்தினால், மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு கொக்கியின் மேல் விழும். எடை முழுவதும் அச்சுக்குப் பின்னால் விழுந்தால், அது இழுக்கும் வண்டியின் பின்புறத்தை மேலே தூக்கிவிடும். பின்சக்கரம் பிடிப்பை இழக்கும். டயர்கள் அகலமாகவும் காற்றழுத்தம் குறைவாகவும் இருந்தால் ஈரப் புல்தரையில் தடம் பதியாது.

நீர் செல்லும் வழி

தொட்டியிலிருந்து தெளிப்பு முனை வரை நீர் செல்லும் பாதையை ஒரு தாளில் வரைந்துகொண்டு பிறகு பொருள்களை வாங்கச் செல்வது நல்லது. வரிசை இதுதான்: தொட்டியின் அடியில் ஒரு வால்வு, அடுத்து வடிகட்டி, அடுத்து பம்பு, பம்பிலிருந்து புறப்படும் குழாய் இரண்டாகப் பிரியும் ஓர் இணைப்பு. அதில் ஒரு கிளை, திருகி அளவை மாற்றக்கூடிய வால்வின் வழியாகத் தொட்டிக்கே திரும்பும். மற்றொரு கிளை அழுத்தமானி, திறந்து மூடும் வால்வு ஆகியவற்றைக் கடந்து தெளிப்புக் கம்பத்தை அடையும்.

தொட்டிக்குத் திரும்பும் கிளை வீண் என்று கருதிப் பலர் அதை விட்டுவிடுவர். அது இரண்டு வேலைகளைச் செய்கிறது. திரும்பி வரும் நீர் தொட்டியிலுள்ள கலவையைக் கலக்கிக்கொண்டே இருக்கும். அந்த வால்வைத் திருகித்தான் கம்பத்திற்குச் செல்லும் அழுத்தத்தையும் நிர்ணயிக்கிறோம். 12 வோல்ட் டயாபிரம் பம்புகள் பலவற்றில், அழுத்தம் ஓர் அளவைத் தாண்டினால் தானே நின்று, குறைந்ததும் தானே இயங்கும் அமைப்பு உண்டு. திரும்பும் வழி இல்லாவிட்டால் பம்பு விட்டுவிட்டு இயங்கும். தெளிப்பும் துடித்துத் துடித்து விழும்.

பம்பின் திறனை இவ்வாறு கணக்கிடலாம். நான்கு முனைகள், ஒவ்வொன்றும் நிமிடத்திற்கு 1 லிட்டர் எனில் தேவை 4 லிட்டர். கலக்குவதற்கும் சேர்த்து இதைப்போல் இருமடங்கு, அதாவது நமக்கு வேண்டிய அழுத்தத்தில் நிமிடத்திற்கு 8 லிட்டர் தரும் பம்பு வேண்டும். பம்பின் மேல் அச்சிடப்பட்டிருக்கும் எண், தடையின்றி நீர் பாயும்போது கிடைக்கும் அளவு. அழுத்தம் ஏறினால் அது குறையும். எனவே சற்றுப் பெரிதாகவே வாங்குதல் நலம். மின்கலத்தின் நேர்முனைக்கு அருகிலேயே ஃபியூஸ் இருக்க வேண்டும். நிறுத்தும் சுவிட்சு, ஓட்டுநர் இருக்கையிலிருந்து கையெட்டும் தொலைவில் இருக்க வேண்டும்.

தெளிப்புக் கம்பமும் நாசில்களும்

நாசில் எனப்படும் தெளிப்பு முனையே இக்கருவியின் இதயம். பூச்சிமருந்துக்குப் பயன்படும் கூம்பு வடிவ நாசில் இங்கே பொருந்தாது. களைக்கொல்லிக்குத் தட்டை விசிறி நாசில் வேண்டும். அதன் மேல் 110-03 போன்ற எண் பொறிக்கப்பட்டிருக்கும். முதல் எண், நீர் விரியும் கோணம். அடுத்த எண், நீர் வெளியேறும் அளவைக் குறிக்கும். உலகத் தர நிர்ணயத்தின்படி இந்த அளவுக்கு நிறமும் உண்டு: 02 மஞ்சள், 03 நீலம், 04 சிவப்பு. நீல நிற 03 நாசில், 3 பார் அழுத்தத்தில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 1.2 லிட்டரும், 2 பார் அழுத்தத்தில் ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவாகவும் தரும். ஒரு கம்பத்திலுள்ள எல்லா நாசில்களும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும்.

நான்கு நாசில்களை 50 சென்டிமீட்டர் இடைவெளியில் பொருத்தினால் தெளிப்பின் அகலம் 2 மீட்டர். 110 பாகைக் கோண நாசிலுக்கு, களையின் நுனியிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரத்தில் கம்பம் இருக்க வேண்டும். ஒவ்வொரு விசிறியின் ஓரமும் மெலிந்திருக்கும். அடுத்த விசிறியின் ஓரம் அதன்மேல் விழுந்துதான் அளவு சமமாகிறது. கம்பம் தாழ்ந்தால் இடையிடையே தெளிப்பு குறைந்து கோடுகள் உண்டாகும். உயர்ந்தால் நுண்துளிகள் காற்றோடு போகும். விசிறிகள் ஒன்றோடொன்று மோதாமலிருக்க ஒவ்வொரு நாசிலையும் கம்பத்தின் கோட்டிலிருந்து சிறிதளவு ஒரே பக்கமாகத் திருப்பி வைக்க வேண்டும். வால்வை மூடிய பின்னும் சொட்டாமல் தடுக்கும் அடைப்பான் கொண்ட நாசில் பிடிப்பான்களை வாங்கினால், வண்டி நின்ற இடங்களில் புல் வட்டமாகக் கருகாது.

45 விநாடிச் சோதனை

கருவி தயாரானதும் முதலில் வெறும் நீரை நிரப்பி, காய்ந்த சிமெண்டுத் தரையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். தரை காயும்போது, ஒரு கோடு மட்டும் நெடுநேரம் ஈரமாக இருந்தால் அங்கே நீர் மிகுதியாக விழுந்திருக்கிறது என்று பொருள். கம்பத்தின் உயரத்தையும் நாசிலின் திருப்பத்தையும் இப்போதே சரிசெய்துகொள்ளலாம்.

அடுத்தது வேகம். தொட்டியைப் பாதியளவு நிரப்பிக்கொண்டு, தெளிக்கவிருக்கும் புல்தரையிலேயே 50 மீட்டர் தொலைவை அளந்து இரு முனைகளிலும் குச்சி நட வேண்டும். சிமெண்டுத் தரையில் ஓடும் வேகமும் புல்லில் ஓடும் வேகமும் ஒன்றல்ல. வண்டி முதல் குச்சியை அடையும் முன்பே தன் வேகத்தை எட்டியிருக்க வேண்டும். 50 மீட்டரை 45 விநாடிகளில் கடந்தால் அது மணிக்கு 4 கிலோமீட்டர் வேகம். மனிதர் நிதானமாக நடக்கும் வேகம். அந்த வேகம் தரும் கியரையும் விசைநெம்பின் நிலையையும் வண்ணத்தால் குறித்துவிட வேண்டும். பின்னர் எப்போது தெளித்தாலும் நெம்பு அந்தக் குறியில்தான் நிற்க வேண்டும்.

இனி அளவு. வண்டியை நிறுத்தி, பம்பை இயக்கி, அழுத்தமானி 2 பார் காட்டுமாறு திரும்பும் வால்வைத் திருக வேண்டும். நம் ஊர் அழுத்தமானிகளில் இது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2 கிலோ அல்லது ஏறத்தாழ 30 பி.எஸ்.ஐ. என்று இருக்கும். ஒவ்வொரு நாசிலின் கீழும் அளவுக் குவளையை வைத்து, அதே 45 விநாடிகளுக்கு நீரைப் பிடிக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் 750 மில்லி கிடைத்தால் நான்கிலும் சேர்த்து 3 லிட்டர்.

50 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம். ஆகப் பரப்பு 100 சதுர மீட்டர். 45 விநாடிகளில் பிடித்த நீர்தான் அந்த 100 சதுர மீட்டரில் விழும் நீர். ஒரு எக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர் ஆதலால், பிடித்த லிட்டரை நூறால் பெருக்கினால் எக்டேருக்கான அளவு கிடைத்துவிடும்: 3 லிட்டர் எனில் 300 லிட்டர். நமது 2,000 சதுர மீட்டர் புல்வெளிக்கு 60 லிட்டர். தெளிக்கும் நேரம், திருப்பங்களை நீக்கி, 15 நிமிடம்.

நான்கு குவளைகளையும் ஒப்பிட வேண்டும். ஏதேனும் ஒன்று சராசரியிலிருந்து பத்து விழுக்காட்டுக்கு மேல் விலகினால், முதலில் அந்த நாசிலைக் கழற்றிக் கழுவிப் பார்க்க வேண்டும். குறைவாகத் தந்தால் அடைப்பு. கழுவிய பின்னும் மிகுதியாகத் தந்தால் துளை தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும். கழுவுவதற்கு மென்மையான தூரிகை போதும். குண்டூசியால் குத்தினால் துளை கெடும். அடைப்பை நீக்க நாசிலை வாயில் வைத்து ஊதும் பழக்கம் உயிருக்கே கேடு.

வேகத்தில் ஏற்படும் சிறு மாற்றமும் அளவை எவ்வளவு மாற்றும் என்பதையும் கருத வேண்டும். மணிக்கு 4 கிலோமீட்டருக்குப் பதிலாக 3 கிலோமீட்டரில் ஓட்டினால், 300 லிட்டர் விழ வேண்டிய பரப்பில் 400 லிட்டர் விழும். களைக்கொல்லியும் மூன்றில் ஒரு பங்கு கூடும். அழுத்தத்தைக் கூட்டி அளவைச் சரிசெய்ய முயல்வதும் தவறு. அழுத்தத்தை இருமடங்காக்கினால் நீரின் அளவு 1.4 மடங்குதான் உயரும்; அதே வேளையில் துளிகள் நுண்மையாகிக் காற்றில் பறக்கும். அளவில் பெரிய மாற்றம் வேண்டுமானால் நாசிலை மாற்றுவதே முறை.

களைக்கொல்லிக் கணக்கு

கைத்தெளிப்பான்காரர்களிடம் "தொட்டிக்கு இரண்டு மூடி" என்னும் கணக்கு வழக்கத்தில் உண்டு. ஒரே தொட்டி நீரை ஒருவர் 400 சதுர மீட்டருக்கும் மற்றொருவர் 700 சதுர மீட்டருக்கும் தெளிப்பார். மூடிக்கணக்கு இருவருக்கும் ஒன்றே. விவரச்சீட்டில் களைக்கொல்லியின் அளவு நிலப்பரப்புக்குத்தான் கூறப்பட்டிருக்கும். எனவே கணக்கைப் பரப்பிலிருந்தே தொடங்க வேண்டும்.

கணக்கைப் புரிந்துகொள்வதற்காக மட்டும், விவரச்சீட்டில் எக்டேருக்கு 1 லிட்டர் என்று இருப்பதாகக் கொள்வோம். 2,000 சதுர மீட்டர் என்பது ஐந்தில் ஒரு எக்டேர். ஆகவே 200 மில்லி. இதை 60 லிட்டர் நீரில் கலக்க வேண்டும். தொட்டி 100 லிட்டர் கொள்ளும் என்பதற்காக 100 லிட்டர் கலவை தயாரித்தால், மீதமாகும் 40 லிட்டரைக் கொட்ட இடமின்றித் திண்டாட நேரும். முதலில் தொட்டியில் பாதி நீரை ஊற்றி, அளந்த களைக்கொல்லியைச் சேர்த்து, பிறகு மீதி நீரை நிரப்ப வேண்டும். நிரப்பும் குழாயின் முனை கலவையில் மூழ்கலாகாது. குழாயில் நீர் நின்றால், கலவை பின்னோக்கி உறிஞ்சப்பட்டு வளாகத்தின் குடிநீர்த் தொட்டிவரை செல்லக்கூடும்.

விவரச்சீட்டும் சட்டமும்

நம் நாட்டில் களைக்கொல்லிகளும் 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் வருகின்றன. எந்தப் பயிரில், எந்தக் களைக்கு, எந்த அளவில் பயன்படுத்தலாம் என்பதற்குப் பதிவு உண்டு. அந்த விவரமே புட்டியின் சீட்டிலும் உள்ளே வைக்கப்பட்ட துண்டறிக்கையிலும் அச்சிடப்படுகிறது. சாய்சதுரக் குறியின் நிறம் நச்சின் கடுமையைக் காட்டும்: சிவப்பு மிகக் கடுமையானது, அடுத்து மஞ்சள், நீலம், பச்சை என்ற வரிசையில் கடுமை குறையும். பச்சைக் குறியும் பாதுகாப்புக்கு உறுதிமொழி அன்று.

2,4-டி அகன்ற இலைக் களைகளைக் கொன்று புல்லினத்தை விட்டுவைக்கும் களைக்கொல்லி. ஆனால் பருத்தி, தக்காளி, திராட்சை போன்றவை அதன் சிறு தூறலையும் தாங்கா. அதன் எஸ்டர் வடிவம் தெளித்த பின்னும் ஆவியாகிப் பரவக்கூடியது. கிளைபோசேட் களை, புல் என்று பாராமல் பசுமையனைத்தையும் அழிப்பது. புல்வெளி முழுவதும் தெளிக்க அது ஏற்றதன்று. மேலும் 2022-இல் மத்திய அரசு, பூச்சிக்கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் வாயிலாக மட்டுமே அதைப் பயன்படுத்த வேண்டுமெனக் கட்டுப்பாடு விதித்தது.

விவரச்சீட்டில் புல்வெளியோ நம் களையோ குறிப்பிடப்படவில்லை எனில், கடைக்காரரின் சொல்லை மட்டும் நம்பாமல் மாவட்டத்து வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம். 1974-இல் புதுச்சேரியில் தொடங்கிய இந்நிலையங்கள் இன்று நாடெங்கும் எழுநூறுக்கும் மேல் உள்ளன. களை ஆராய்ச்சிக்கென்றே ஜபல்பூரில் தேசிய அளவிலான நிறுவனம் இயங்குகிறது. களையை வேரோடு பிடுங்கி எடுத்துச் சென்று காட்டினால் சரியான ஆலோசனை கிடைக்கும்.

தெளிக்கும் நாள்

காலையில் பனி உலர்ந்த பின், இலை அசையும் அளவுக்கு மென்காற்று வீசும்போது தெளிப்பது நன்று. காற்று அறவே இல்லாத விடியற்காலையில் நுண்துளிகள் தரையை ஒட்டிய குளிர்ந்த காற்றில் மிதந்து, எதிர்பாராத திசையில் நகரும். பலத்த காற்றிலும் தெளிக்கலாகாது. மழை வரும் அறிகுறி இருந்தால் ஒத்திவைக்க வேண்டும். தெளிப்பதற்கு முன்னும் பின்னும் இரண்டு மூன்று நாட்களுக்குப் புல் வெட்டாமலிருந்தால், களைக்கொல்லியை ஏற்கக் களைக்கு இலை இருக்கும். அது வேர்வரை செல்ல நேரமும் கிடைக்கும்.

முதலில் புல்வெளியின் ஓரமாக இரண்டு சுற்று தெளித்துவிட்டு, பிறகு நடுப்பகுதியை நீளவாக்கில் தெளிக்க வேண்டும். திரும்பும்போது வால்வை மூட, அந்த ஓரப்பட்டை இடமளிக்கும். எதிரெதிர் முனைகளில் 2 மீட்டர் இடைவெளியில் சிறு கொடிகளை நட்டுவைத்தால், ஒரே இடத்தில் இருமுறை தெளிக்கும் பிழையும் விடுபடும் பிழையும் நேரா. அண்டை வீட்டுக் காய்கறித் தோட்டம், கிணறு, குளம் ஆகியவற்றை ஒட்டிய பகுதியில் இயந்திரத் தெளிப்பைத் தவிர்த்துக் கையால் களையெடுப்பதே முறை. சரிவில் குறுக்காக ஓட்டினால் தொட்டி கவிழக்கூடும்.

கலப்பவரும் ஓட்டுபவரும் முழுக்கைச் சட்டை, ரப்பர் கையுறை, காலணி, கண்ணாடி, விவரச்சீட்டு கூறும் முகக்கவசம் ஆகியவற்றை அணிய வேண்டும். கூலிக்கு அமர்த்தப்பட்டவரானாலும் இவற்றை வாங்கித் தரும் பொறுப்பு அமர்த்தியவருடையது. முந்தைய நாளே அறிவிப்புப் பலகை வைத்து, விவரச்சீட்டு கூறும் காலம் முடியும் வரையிலும், குறைந்தது புல் முற்றிலும் உலரும் வரையிலும், குழந்தைகளையும் வளர்ப்பு விலங்குகளையும் உள்ளே விடலாகாது. எவருக்கேனும் மயக்கமோ வாந்தியோ கண்டால் மருத்துவரிடம் செல்லும்போது அந்த விவரச்சீட்டையும் கொண்டு செல்ல வேண்டும். முறிமருந்து பற்றிய குறிப்பு அதில் இருக்கும்.

கழுவுதலும் காத்தலும்

வேலை முடிந்ததும் தொட்டியையும் குழாய்களையும் மும்முறை நீரால் கழுவ வேண்டும். அந்தக் கழுவுநீரைச் சாக்கடையில் விடாமல், இதற்கெனத் தெளிக்காது விட்டுவைத்த புல்வெளியின் ஒரு சிறு பகுதியில் தெளித்துவிட வேண்டும். காலிப் புட்டியை மூன்று முறை கழுவி, அந்த நீரைத் தொட்டியிலேயே சேர்த்து, பிறகு துளையிட்டு, எவரும் மீண்டும் பயன்படுத்த முடியாதபடி செய்ய வேண்டும். எவ்வளவு கழுவினாலும் களைக்கொல்லியின் எச்சம் குழாயில் தங்கும். ஆகவே இத்தெளிப்பானை ரோஜாச் செடிக்கு உரம் தெளிக்கவோ பூச்சிமருந்து அடிக்கவோ பயன்படுத்தலாகாது. "களைக்கொல்லிக்கு மட்டும்" என்று தொட்டியின் மேல் பெரிய எழுத்தில் எழுதிவைப்பது நல்லது.

செலவு செய்யும் இடமும் சிக்கனமும்

சட்டம், சக்கரம், அச்சு ஆகியவற்றைப் பழைய பொருள்களாக வாங்கலாம். அவற்றில் மிச்சம் பிடிப்பதால் தெளிப்பின் தரம் குறையாது. நாசில், அழுத்தமானி, வடிகட்டி, குழாய், பாதுகாப்பு உடை ஆகியவை புதியனவாகவும் தரமானவையாகவும் இருக்க வேண்டும். பொருள் வாங்கும் முன், மொத்தச் செலவை எதிர்பார்க்கும் ஆண்டுகளால் வகுத்து, அத்தோடு ஆண்டுப் பராமரிப்பையும் கூட்டி, இப்போது தெளிப்புக்குக் கொடுக்கும் கூலியோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆண்டில் இரண்டு மூன்று முறையே தேவைப்படும் வளாகங்கள், அருகிலுள்ள இரண்டொரு வளாகங்களோடு சேர்ந்து ஒரே கருவியைச் செய்துகொள்வது லாபமாக இருக்கும். அரசின் வேளாண் இயந்திர மானியம் சோதித்துச் சான்றளிக்கப்பட்ட கருவிகளுக்கு உரியது. பட்டறையில் செய்த கருவிக்கு அதை எதிர்பார்க்கலாகாது. மோட்டார் வாகனச் சட்டப்படி இழுவைவண்டிக்கும் பதிவு தேவை என்பதால், இக்கருவியை வளாகத்திற்கு வெளியே பொதுச் சாலையில் இழுத்துச் செல்லலாகாது. பகிர்ந்துகொள்ளும்போது அதை வேறொரு வாகனத்தில் ஏற்றியே கொண்டு செல்ல வேண்டும்.

இறுதியாக, வண்டியோடு ஒரு குறிப்பேடும் இருக்கட்டும். தெளித்த நாள், பரப்பு, வேகம், அழுத்தம், நான்கு குவளைகளின் அளவு, களைக்கொல்லியின் பெயர், கலந்த அளவு, தொட்டியில் மீந்த நீர் ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் எழுதிவர வேண்டும். 60 லிட்டர் செலவாக வேண்டிய நிலத்தில் 50 லிட்டர்தான் செலவாகியிருந்தால் எங்கோ ஒரு நாசில் அடைபட்டிருக்கும், அல்லது வண்டி விரைந்து ஓடியிருக்கும். சேமிப்புக் கணக்கின் வரவையும் செலவையும் சரிபார்ப்பது போலவே, அன்றே அதைச் சரிபார்த்தால் பிழை அன்றே தெரியும். சரிபாராமல் விட்டால், பத்து நாட்கள் கழித்துப் புல்வெளியில் தோன்றும் பழுப்புக் கோடுகளே அதைக் காட்டும்.